வன ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு முதுகலை, முனைவர் பட்ட ஆய்வுக்காக வரும் மாணவர்கள் ஆண்டுதோறும் அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். குறிப்பேடு நனைவது, பேட்டரி தீர்ந்துபோவது போன்றவற்றை ஒரு மழையிலேயே கற்றுக்கொள்வார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஒரு குன்றை முப்பதாக எண்ணுவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இது. ஆட்டு மேய்ச்சலால் மரக்கன்றுகள் குறைகின்றனவா என்று அறிய விரும்பிய மாணவி ஒருவர், மேய்ச்சல் உள்ள ஒரு குன்றையும் இல்லாத ஒரு குன்றையும் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் முப்பது கட்டங்களைக் கயிறு கட்டிப் பிரித்து, உசிலை, கிளுவைக் கன்றுகளை மண்டியிட்டு எண்ணினார். உழைப்பில் குறையே இல்லை. ஆனால் மேய்ச்சல் நடந்தது குன்றில். கட்டம் கட்டமாக அல்ல. எனவே அவரிடம் இருந்த சாம்பிள் அறுபது அல்ல, மேய்ச்சல் உள்ள பக்கத்துக்கு ஒன்று, இல்லாத பக்கத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். ஒரு குன்றில் மண் ஆழம் குறைவாக இருக்கலாம், மற்றொன்று வடகிழக்குப் பருவமழையைக் கூடுதலாக வாங்கலாம், எப்போதோ தீப்பிடித்திருக்கலாம். கன்றுகள் குறைந்ததற்கு ஆடுதான் காரணம் என்று சொல்ல அந்தத் தரவில் இடமில்லை. ஒரே பானையில் முப்பது பருக்கைகளை நசுக்கிப் பார்த்தாலும் அடுத்த பானையின் பதம் தெரியாது.

சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இலேயே இதற்குச் சூடோரெப்ளிகேஷன் (ஒரே சாம்பிளைப் பலவாக எண்ணும் போலிப் பெருக்கம்) என்று பெயரிட்டு எச்சரித்துவிட்டார். ஆய்வுத் திட்டத்துக்குக் கையெழுத்திட்ட எவரும் இதைக் கேட்கவில்லை. ஆய்வேட்டை மதிப்பிட்டவர் கேட்டபோது உதவித்தொகைக் காலமே முடிந்திருந்தது. பக்கத்துக்கு ஆறு குன்றுகள், குன்றுக்கு ஐந்து கட்டங்கள் என்று வைத்திருந்தால் எண்ண வேண்டியவை அதே முப்பது கட்டங்கள்தான். அலைச்சல் மட்டுமே கூடியிருக்கும். அத்தனை குன்றுகள் கிடைக்காவிட்டால் கேள்வியை மாற்றுங்கள்.

காணாததை இல்லை என்று எழுதுவது

தேவாங்கு இரவாடி. அதற்கென்றே 2022-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கடவூர்க் காட்டிலும் பகல் முழுவதும் நடந்து ஒன்றையும் காணாமல் திரும்ப முடியும். ஒரே இடத்துக்கு இரவில் பலமுறை சென்று, கண்ட இரவுகளையும் காணாத இரவுகளையும் தனித்தனியே பதிய வேண்டும். அப்போதுதான் விலங்கு இல்லாமையையும் நம் கண் தவறியதையும் ஓரளவு பிரித்தறிய முடியும்.

அனுமதியைத் தள்ளிப்போடுவது

திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் போன்ற இடங்களில் ஆய்வு செய்ய வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். தலைப்பு முடிவான வாரமே விண்ணப்பியுங்கள்.

மாதிரி எடுக்காமல் தாவரத்துக்குப் பெயரிடுவது

ஹெர்பேரியம் தாள் (உலர்த்திய தாவர மாதிரியை ஒட்டிய தாள்) இல்லாத பெயரை நான் ஏற்பதில்லை.