பிரெஞ்சுத் தொலைபேசி எண்ணைக் காதால் கேட்டுப் பிழையின்றி எழுதுவது எப்படி?

பிரெஞ்சு மொழியில் அறுபது வரை எண்ணத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மீதி எண்கள் பாடப்புத்தகத்தின் ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகின்றன. ஆனால் யாரேனும் தம் தொலைபேசி எண்ணை வாயால் சொல்லும்போதுதான் அந்தப் பக்கம் போதாது என்பது புரிகிறது. வாடகைக்கு அறை தேடிய நாட்களில், வீட்டுக்காரர் ஒருவர் குரல் செய்தியில் விட்டிருந்த எண்ணை நான் எழுதி முடித்தபோது தாளில் 15 இலக்கங்கள் இருந்தன. பிரான்சில் தொலைபேசி எண்ணுக்கு 10 இலக்கங்களே உண்டு. முதல் நான்கும் சரியாக இருந்தன. அதன்பின் அவர் சொன்ன 75, 82, 97 ஆகியவற்றை நான் 60, 15, 80, 2, 80, 17 என்று எழுதியிருந்தேன்.

பிரான்சில் 70-க்குத் தனிச்சொல் வழக்கில் இல்லை, 'அறுபது-பத்து' என்பார்கள். 80 என்பது 'நான்கு-இருபது', 90 என்பது 'நான்கு-இருபது-பத்து'. இருபது இருபதாக எண்ணும் பழைய வழக்கத்தின் எச்சம் இது. பாரிசில் 13-ஆம் நூற்றாண்டில் 300 பார்வையற்றவர்களுக்காக ஒன்பதாம் லூயி மன்னர் நிறுவிய இல்லம் 'பதினைந்து-இருபதுகள்' என்று பெயர் பெற்றதும் அதனால்தான். அது இன்று அதே பெயரில் கண் மருத்துவமனையாக இயங்குகிறது. இதைக் கேட்டுச் சிரிக்கும் நாமும் 90-ஐ 'ஒன்பது பத்து' என்று சொல்லாமல், நூறு ஒட்டிக்கொண்ட 'தொண்ணூறு' என்றுதான் சொல்கிறோம்.

முதலில் 11 முதல் 19 வரை தடையின்றி வர வேண்டும்: ஓன்ஸ், தூஸ், த்ரேஸ், கத்தோர்ஸ், கேன்ஸ், சேஸ், தீ-செத், தீஸ்-உயித், தீஸ்-நெஃப். 'ஓன்ஸ்', 'கேன்ஸ்' ஆகியவற்றில் வரும் னகரத்தை நாக்கு அண்ணத்தைத் தொடாமல் மூக்கால் விட வேண்டும். இந்த ஒன்பது சொற்களைத் தயங்கித் தயங்கிச் சொல்பவர் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

அடுத்து, தாளில் ஐந்து கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். எண்ணை இரண்டிரண்டு இலக்கங்களாக, ஐந்து இணைகளாகத்தான் சொல்வார்கள். கைபேசி எண்ணாக இருந்தால் முதல் கட்டத்தில் 06 அல்லது 07 வரும்.

மூன்றாவது படியில்தான் நான் பல வாரங்கள் சிக்கிக்கிடந்தேன். 'ஸ்வாசான்த்' (60) என்று கேட்டவுடன் கை தானாக 6 என்று எழுதத் துடிக்கும், எழுதாதீர்கள். அடுத்து ஒன்று முதல் ஒன்பதுக்குள் ஓர் எண் வந்தால் 6-ஐ எழுதலாம். பத்து முதல் பத்தொன்பதுக்குள் வந்தால் 7-ஐ எழுதி, அந்த எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் பக்கத்தில் சேர்க்க வேண்டும். 'ஸ்வாசான்த்-கேன்ஸ்' என்பது இப்படித்தான் 75 ஆகிறது. 'காத்ர-வேன்' என்று கேட்டாலும் இதே காத்திருப்புதான்: பின்னால் சிறிய எண் வந்தால் 8, பத்தோ அதற்கு மேலோ வந்தால் 9.

இதற்கு எந்தப் புத்தகத்திலும் நான் காணாத ஒரு துணைக்குறிப்பு உண்டு. தொலைபேசி எண்ணில் 04 வந்தால் 'ஸேரோ காத்ர்' என்றே சொல்வார்கள். ஆகவே ஓர் இணை 'ஸேரோ' இல்லாமல் நேரடியாக 'காத்ர்' என்று தொடங்கினால், அது 80-க்கும் 99-க்கும் இடைப்பட்டது என்று அந்த நொடியே முடிவுசெய்துகொள்ளலாம். 24-இலும் இதே இரண்டு சொற்கள்தான் வருகின்றன என்றாலும் அங்கே வரிசை மாறி, நடுவில் தகர ஒலி தெளிவாகக் கேட்கும்: 'வேன்த்-காத்ர்'. 81 முதல் 99 வரை அந்தத் தகரம் ஒலிப்பதே இல்லை.

பயிற்சிக்குப் படங்காட்டிக் கேள்வி கேட்கும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை கண்ணைப் பழக்குகின்றனவே தவிரக் காதைப் பழக்குவதில்லை. கைபேசியின் உரைவாசிப்பு வசதியைப் பிரெஞ்சுக்கு மாற்றி, 70-க்கு மேற்பட்ட எண்களைத் தாறுமாறாக எழுதி வாசிக்கச் செய்து, மறுநாள் பார்க்காமல் கேட்டு எழுதுங்கள். மணி சொல்லிப் பழகுவது இதற்கு உதவாது, கடிகாரம் 59-ஓடு நின்றுவிடுகிறது. 1789, 1998 போன்ற ஆண்டுகள் நல்ல பயிற்சி.

பின்சேர்க்கை 1: கடையில் விலை கேட்கும்போது நடுவில் 'ஸேரோ' வருவதாக இருவர் எழுதியிருந்தார்கள். அது பூச்சியமன்று. 'த்ருவா' (3) என்பதில் ஒலிக்காத கடைசி எழுத்து, அடுத்துவரும் 'யூரோ' என்னும் நாணயப் பெயரின் உயிரெழுத்தோடு இணைந்து 'த்ருவா-ஸெரோ' என்று ஒலிக்கிறது. 'த்ருவா-ஸெரோ காத்ர-வேன்-கேன்ஸ்' என்றால் 3 யூரோ 95 சென்ட்.

பின்சேர்க்கை 2: பிரசல்சில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒருவர், அங்கே இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்டிருக்கிறார். பெல்ஜியத்தில் 70 'செப்தான்த்', 90 'நொனான்த்'. ஆனால் 80 அங்கேயும் 'காத்ர-வேன்'தான். சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் அதையும் 'உயித்தான்த்' என்று எளிதாக்கிவிட்டார்கள். பிரான்சில் இருப்பவர்களோ, எண் புரியாதபோது 'ஷிஃப்ர் பார் ஷிஃப்ர், சில் வூ ப்ளே' என்று கேட்டால், இலக்கம் இலக்கமாகச் சொல்லிவிடுவார்கள்.