சம்பா அறுத்த கையோடு அறுவடை வண்டியைப் பிரித்துப் பாருங்கள்

டெல்டாவில் சொந்தமாக பெல்ட் வண்டி (ரப்பர் பெல்ட்டில் ஓடும் நெல் அறுவடை இயந்திரம்) வைத்திருப்பவர்கள் பலர் குறுவை அறுப்பு நெருங்கியபிறகுதான் பழுது பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் மெக்கானிக்கைப் பிடிப்பதே பெரும்பாடு, கடையில் பேரிங்கும் இருக்காது. மாசியில் வண்டி கொட்டகைக்கு வந்ததுமே, எங்கே சத்தம் வந்தது, எங்கே நெல் சிந்தியது என்று டிரைவருக்கு நினைவிருக்கும்போதே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

முதலில் சுத்தம். எடுத்த எடுப்பில் தண்ணீர் அடிக்காதீர்கள், வைக்கோல் தூசி நனைந்து அப்பிக்கொண்டு பேரிங் ஓரமெல்லாம் துருப்பிடிக்கும். வண்டியைக் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடவிட்டு உள்ளே கிடக்கும் நெல்லை வெளியே தள்ளுங்கள். அப்புறம் இன்ஜினை அணைத்து, சாவியை உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கம்ப்ரஸர் காற்றால் மேலிருந்து கீழாக ஊதுங்கள். நெல் தொட்டியின் அடி, நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் கீழ்மூடி, சல்லடைக்குக் கீழே என்று எல்லா இடத்தையும் திறந்து கையைவிட்டுத் துழாவினால் இன்னும் நெல் வரும். அந்த நெல்லைத் தேடித்தான் எலி வருகிறது, அது தீர்ந்ததும் வயரைக் கடிக்கிறது. விதைக்கு நெல் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் போன வயலின் ரகம் அடுத்த வயல் நெல்லோடு கலப்பது இங்கேதான்.

ரப்பர் பெல்ட்டில் ஒட்டிய களிமண்ணை மட்டும் தண்ணீர் அடித்துக் கழுவலாம். ரோலர் இடுக்கில் மண் காய்ந்து கிடந்தால் சீல் போய்விடும். வெயில் படாத இடத்தில், பலகை போட்டு அதன்மேல் நிறுத்துங்கள்.

கட்டர் பிளேடு மழுங்கியிருந்தால் தாளை அறுக்காமல் இழுக்கும், முற்றிய கதிரில் மணி உதிரும். ஒவ்வொரு பிளேடாக ஆட்டிப் பாருங்கள், ரிவெட் தளர்ந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். வைக்கோலில் மணி நின்றதாக டிரைவர் சொன்னால் கதிரடிக்கும் டிரம்மின் பல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வண்டியை நிறுத்தி வைக்கும் முன்பே இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள், பழைய ஆயிலில் சேர்ந்த அமிலம் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கக் கூடாது. டீசல் டேங்க்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் கோக்காது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள், இன்ஜின் விசையைக் கடத்தும் வி-பெல்ட்டுகளைத் தளர்த்திவிடுங்கள், எல்லா கிரீஸ் நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதுக் கிரீஸ் அடியுங்கள்.

சீசனில் ரேடியேட்டர் வலையையும் ஏர் ஃபில்டரையும் தினமும் ஊதுங்கள், தூசி அதிகமென்றால் மதியமும் ஒரு தடவை. சைலன்சர் பக்கம் வைக்கோல் சேரவே விடாதீர்கள், காய்ந்த வயலில் வண்டி தீப்பிடிக்க அது போதும். தீயணைப்பான் டிரைவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.