மாதத் தொகை வருகிறது, மருந்து மட்டும் இல்லை: ஈ.எஸ்.ஐ. அனுபவம்

பவர் பிரஸ்ஸில் வலது கை நசுங்கி அண்ணன் வேலையை விட்டார். நிரந்தர ஊனத்துக்கான ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) மாதத் தொகை ஒழுங்காக வந்தது. திடீரென்று டிஸ்பென்சரியில், "தகுதி இல்லை என்று காட்டுது" என்று மருந்து தர மறுத்துவிட்டார்கள்.

முதலில் ஆதார் இணைப்பைச் சந்தேகித்தோம். அது சரியாக இருந்தது. பழைய கம்பெனியில், "ஆளே வேலையில் இல்லை, ஈ.எஸ்.ஐ. சந்தா எப்படிக் கட்டுவது?" என்றார்கள். நியாயம்தான். உயிர்வாழ் சான்று கொடுத்தும் பலனில்லை.

பணம் வருகிறதே, திட்டத்தில்தானே இருக்கிறோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் தகுதி தனித்தனி. மாதத் தொகை வேலை போனாலும் தொடரும். சிகிச்சை சந்தாவோடு ஒட்டியது.

கிளை அலுவலக எழுத்தர் ஒருவர்தான் வழி சொன்னார். பணியிட விபத்து ஊனத்தால் வேலை இழந்தவர் மாதம் 10 ரூபாய் வீதம், ஓராண்டுக்கு 120 ரூபாய் முன்கூட்டியே கட்டினால், ஓய்வு வயதுவரை அவருக்கும் மனைவிக்கும் சிகிச்சை உண்டு. ஊனத்தால்தான் வேலை போனது என்பதற்குச் சான்று வேண்டும். கம்பெனி பதிவில் வெறும் "விலகினார்" என்றிருந்தது. காரணத்தைக் குறிப்பிட்டுக் கடிதம் வாங்கி, பணத்தோடு கொடுத்தோம். அப்புறம் அதே கவுன்ட்டரில் மருந்து கிடைத்தது. பிள்ளைகளுக்கு இதில் இடமில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.