பழைய ரயில் பாதையில் மூன்று நாள்: பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்களுக்குள் முதல் சைக்கிள் பயணம்

என் மனைவி கல்லூரி முடித்த பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. கியர் வைத்த சைக்கிளை ஓட்டியதே இல்லை. அவரோடு சேர்ந்து பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் மூன்று நாளில் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டினேன். பின்னால் லாரி ஹாரன் அடிக்கவில்லை, பக்கத்தில் பஸ் உரசவில்லை. வழியெல்லாம் திராட்சைக் கொடி, கல் வீடு, மேயும் வெள்ளை மாடு. முதல் தடவை போகிறவர்களுக்கு இந்தப் பாதையைத்தான் நான் சொல்வேன். எங்களுக்கு உதவிய விஷயங்களை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: சரியான பாதையைத் தேர்ந்தெடுங்கள்

பிரான்ஸில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லாத நடை, சைக்கிள் பாதைக்கு 'வுவா வெர்த்' என்று பெயர். பச்சை வழி என்று அர்த்தம். நாட்டின் முதல் பச்சை வழி 1997-ல் இங்கேதான் திறந்தது. ஜிவ்ரி என்ற ஒயின் ஊரிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், முழுக்கத் தார் போட்ட பாதை. இப்போது க்ளூனியைத் தாண்டியும் தொடர்கிறது.

ஒரு காலத்தில் இது ரயில் ஓடிய தடம். அதுதான் புதியவர்களுக்கு இதில் உள்ள பெரிய வசதி. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது. அதனால் அன்றைய பொறியாளர்கள் குன்றை வெட்டியும் பள்ளத்தை மேடாக்கியும் மெல்லச் சாயும் தடமாகப் போட்டார்கள். மேடு இருப்பதே பல இடங்களில் தெரியாது. மூச்சு கொஞ்சம் கனத்தால்தான் தெரியும்.

படங்களில் அதிகம் வருவது இது இல்லை. போன் நகரத்திலிருந்து சான்தனே வரை போகும் 22 கிலோமீட்டர் 'திராட்சைக் கொடி வழி'தான். அழகு என்று பார்த்தால் அதுதான் ஒரு படி மேல். ஆனால் அது தோட்டக்காரர்களின் வண்டித் தடம். ஏற்ற இறக்கம் உண்டு, டிராக்டரும் வரும். அதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மாதம்

மே, ஜூன், செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே வேண்டாம். செப்டம்பர் பெரும்பாலும் அறுவடைக் காலம். தோட்டம் கலகலவென்று இருக்கும், ஆனால் அறை கிடைப்பது கஷ்டம். ஜூலை, ஆகஸ்டில் மதிய வெயில் நம் ஊர் வெயில் மாதிரியே அடிக்கும் நாட்கள் உண்டு. குளிர்காலத்தைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை மூன்றாம் நாள் வழியில் சுரங்கப்பாதை வரும்போது சொல்கிறேன்.

படி 3: உடம்பையும் சீட்டையும் தயார் செய்யுங்கள்

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ஓட்ட ஆரம்பியுங்கள். வாரம் மூன்று நாள் 10 கிலோமீட்டர், அப்புறம் 15, அப்புறம் 25. கடைசி வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து 25 ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் யாராலும் முடியும். மறுநாள் காலை சீட்டில் உட்காரும்போதுதான் நம் நிலைமை தெரியும்.

சீட் உயரத்தை இப்படிச் சரிபாருங்கள். செருப்பு, ஷூ எதுவானாலும் ஓட்டும்போது போடுவதையே போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுபோய்க் குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். எங்களைப் போல இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்கி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது முதலில் பயமாக இருக்கும். என் மனைவி ஒரே நாளில் மாற்றவில்லை. ஒரு வாரத்தில், ஒவ்வொரு விரல் அகலமாக ஏற்றிக்கொண்டார். முட்டி வலி அதோடு போனது.

கியருக்கு ஒரே விதிதான். கால் திணறிய பிறகு மாற்றாதீர்கள், மேடு கண்ணில் பட்டதுமே இலகுவான கியருக்குப் போங்கள்.

படி 4: சைக்கிளும் மூட்டையும்

சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர், பின் கேரியர், இரண்டு பக்கமும் தொங்கும் பை, இவ்வளவு போதும். ஒருவருக்கு எட்டு கிலோவுக்கு மேல் வேண்டாம், முதுகில் பை மாட்டவே வேண்டாம். மாற்று டியூப் ஒன்று, பம்ப், டயர் கழற்றும் நெம்புகோல், மழைக்கோட்டு, ஒரு கனமான மேல்சட்டை. டியூப் வாங்கும் முன் வால்வைப் பாருங்கள். அங்கே பல சைக்கிள்களில் மெல்லிய வால்வுதான் இருக்கும், சாதாரண பம்ப் அதில் மாட்டாது.

ஓர் ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விட முடியுமா என்று முன்பே கேளுங்கள். முடியாது என்றாலும் கவலை இல்லை, ரயிலில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

படி 5: போய்ச் சேர்வது

பாரிஸின் கார் த லியோன் நிலையத்திலிருந்து திஜோனுக்கு டி.ஜி.வி. அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். அங்கே டி.இ.ஆர். என்கிற வட்டார ரயிலுக்கு மாறி ஷலோன்-சூர்-சோன் நிலையத்தில் இறங்குங்கள். புகைப்படத்தைக் கண்டுபிடித்த நிசேஃபோர் நியெப்ஸ் பிறந்த ஊர் இது, அவர் பெயரில் அருங்காட்சியகமும் இருக்கிறது. டி.இ.ஆர். ரயிலில் சைக்கிளை மடிக்காமல் அப்படியே ஏற்றலாம். இடம் குறைவு, அதனால் அலுவலக நேரத்தைத் தவிருங்கள்.

படி 6: சாலை விதிகள்

அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். பச்சை வழியில் இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் பாதை அவ்வப்போது கிராமச் சாலையைக் குறுக்கே கடக்கும், அந்த இடங்களில்தான் நம் பழக்கம் நம்மை ஏமாற்றும். நாம் பிறந்ததிலிருந்து வலது பக்கம் முதலில் பார்த்தவர்கள், அங்கே கார் முதலில் வருவது இடது பக்கமிருந்து. இறங்கி, நின்று, இடம், வலம், மறுபடி இடம் பார்த்துக் கடக்கவும். நாங்கள் ஒருவருக்கொருவர் சத்தமாக 'இடது' என்று சொல்லிக்கொண்டுதான் கடந்தோம். ஊருக்குள் பலகை இல்லாத சந்திப்பில் வலமிருந்து வரும் வண்டிக்கு முதல் உரிமை.

மணியும் விளக்கும் இருக்க வேண்டும். காதில் இயர்போன் மாட்டி ஓட்டினால் அபராதம். ஊருக்கு வெளியே இருட்டிலோ மூடுபனியிலோ ஓட்டினால் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு ஹெல்மெட் கட்டாயம், பெரியவர்களுக்குச் சட்டம் சொல்லவில்லை. போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்கிறேன். அவசர எண் 112.

படி 7: சாப்பாடும் தண்ணீரும்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கிராமத்து உணவகங்கள் பகல் 12-லிருந்து 2 வரை, இரவு 7-லிருந்து 9 வரைதான் பெரும்பாலும் பரிமாறும். மூன்று மணிக்குப் போய் நின்றால் காபி கிடைக்கலாம், சோறு கிடைக்காது. ஞாயிறு மதியமும் திங்களும் பல கடைகள் பூட்டியிருக்கும். காலையிலேயே பேக்கரியில் ரொட்டியும் பக்கத்துக் கடையில் ஆட்டுப்பால் சீஸும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மக்கோன் பகுதியின் ஆட்டுப்பால் சீஸ் ஒரு கட்டைவிரல் உயரம்தான் இருக்கும், மேலே குறுகிக் கீழே அகன்று, கவிழ்த்து வைத்த குட்டி வாளி மாதிரி. சூடான ரொட்டியில் தடவினால் வேறு எதுவும் வேண்டாம்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆட்டுப்பால் சீஸ் சாலட் என்று கேட்டாலும் அதில் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவிக் கொண்டுவருவார்கள். 'சான் லார்தோன்' என்று சேர்த்துச் சொல்லுங்கள், அது இல்லாமல் தருவார்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' சொல்ல வேண்டும். சொல்லாமல் நேராகக் கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு ஞாயிறு மதியம் எங்கள் பாட்டில் இரண்டும் காலி. கடை எதுவும் இல்லை, தெருவில் ஆளும் இல்லை. நாயோடு வந்த ஒரு பெரியவரிடம் காலி பாட்டிலைக் காட்டினேன். அவர் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே போனால், பூச்செடிக்கு ஊற்றுவதற்காக வைத்த குழாய். பிரான்ஸில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழியாம் இது. குழாய் மேல் 'நோன் பொத்தாப்ள்' என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

படி 8: மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் நாள் ஷலோனிலிருந்து ஜிவ்ரி வழியாக புக்ஸி, சுமார் 20 கிலோமீட்டர். உள்ளூரில் 'புஸ்ஸி' என்றுதான் சொல்வார்கள். குறைந்த தூரம் என்று தோன்றும், வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். ஜிவ்ரியில் பெரும்பாலும் பினோ நுவார் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின். புக்ஸியைச் சுற்றி மோன்தாஞி என்ற வெள்ளை ஒயின், முழுக்க ஷார்தொனே திராட்சை. புக்ஸியில் 1931-லிருந்து நடக்கும் விவசாயிகள் கூட்டுறவு ஒன்று இருக்கிறது, அங்கே சுவைத்துப் பார்க்கலாம்.

ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் மது என்ற வரம்பு சைக்கிளுக்கும் உண்டு. சுவைத்துத் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், ஒயின் தொழிலில் இருப்பவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். நாங்கள் சைக்கிளை அறையில் விட்டுவிட்டு மாலையில் நடந்துதான் போனோம். ஒரு பாட்டில் ஒன்றே கால் கிலோ வரும், வாங்குவதைக் கடைசி நாளில் வாங்குங்கள். தோட்டத்தில் தொங்கும் குலையைப் பறிக்காதீர்கள், அது ஒருவருடைய வருட வருமானம்.

இரண்டாம் நாள் க்ளூனி வரை, சுமார் 35. வழியில் கொர்மாத்தேன் ஊரில் அகழி சூழ்ந்த 17-ஆம் நூற்றாண்டு மாளிகை. அதைத் தாண்டினால் தேஸே, சகோதரர் ரோஜர் 1940-ல் தொடங்கிய கிறிஸ்தவத் துறவிகள் சமூகம் இருக்கும் குன்று. க்ளூனிக்கு மாலை நான்கு மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். கி.பி. 910-ல் தொடங்கிய மடம் அங்கே இருக்கிறது. 1088-ல் கட்ட ஆரம்பித்த அதன் தேவாலயம், ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் வரும்வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல்லுக்காக இடித்து விற்றுவிட்டார்கள். மிஞ்சியது அந்தச் சிலுவை வடிவக் கட்டடத்தின் ஒரு கை மட்டும். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, முழுசாக இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மனசு கனத்தது.

மூன்றாம் நாள் க்ளூனியிலிருந்து மக்கோன், சுமார் 25. கொஞ்ச தூரத்திலேயே புவா க்ளேர் சுரங்கப்பாதை வரும், 1.6 கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் வௌவால்கள் உள்ளே உறங்கும் என்பதால் அந்த மாதங்களில் மூடிவிடுவார்கள். அப்போது மேலே கணவாய் ஏறித்தான் போக வேண்டும், புதியவர்களுக்கு அது கடினம். திறந்திருக்கும் காலத்தில் வாசலுக்கு முன்பே நின்று கனமான மேல்சட்டையைப் போடுங்கள், முன் விளக்கு, பின் விளக்கு இரண்டையும் எரியவிடுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். வெளியே வியர்த்துக்கொண்டிருந்தோம், உள்ளே பத்து மிதியில் கை சில்லிட்டது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் ஹெல்மெட்டில் டொக்கென்று விழும். செயின் ஓசை நம் பின்னாலேயே வருவது போலக் கேட்கும். வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக, நிதானமாகப் போங்கள். எதிரே வெளிச்சப் புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்து, சட்டென்று வெயிலும் கொடியும் கண்ணை நிறைக்கும். என் மனைவி அங்கே சைக்கிளை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பேசவே இல்லை.

அதற்கப்புறம் பெரும்பாலும் இறக்கம்தான். பாதையிலிருந்து சற்று விலகி பெர்ஸே-லா-வில் ஊரில் 12-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் கொண்ட சிறு தேவாலயம் உண்டு, அதற்கு மட்டும் கொஞ்சம் ஏற வேண்டும். தெற்கே சொலுத்ரே பாறை கப்பலின் முனை மாதிரி நிமிர்ந்து நிற்பதும் தெரியும். ஷார்னேயில் பச்சை வழி முடிகிறது. அங்கிருந்து நகரத்துக்குள் போகும்போது மட்டும் போக்குவரத்தைக் கவனியுங்கள்.

படி 9: திரும்புவது

மக்கோனில் இரண்டு நிலையங்கள். உங்களுக்கு வேண்டியது ஊருக்குள் இருக்கும் மக்கோன்-வில். மக்கோன்-லோஷே அதிவேக ரயிலுக்கானது, ஊருக்கு வெளியே இருக்கிறது. டி.இ.ஆர். ஏறினால் ஷலோன் வந்துவிடும்.

ஒரு நாள் மிச்சம் இருந்தால் அதே ரயிலில் போன் நகரம் வரை போய், முதலில் சொன்ன திராட்சைக் கொடி வழியை ஓட்டுங்கள். பொம்மார், வொல்னே, மெர்ஸோ, புலிஞி-மோன்ராஷே என்று ஒயின் உலகின் பெரிய பெயர்கள் எல்லாம் கிராமங்களாக வரிசையாக வரும். 2015-லிருந்து இந்தத் தோட்டங்கள் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. வொல்னே பக்கம் ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுங்கள், நாங்களும் தள்ளினோம். தள்ளும்போதுதான் கல் சுவர் ஒவ்வொன்றிலும் செதுக்கிய தோட்டத்துப் பெயர்களைப் படிக்க முடிந்தது. சான்தனேயில் முடித்துக்கொண்டு, கால்வாய் ஓரமாக நான்கைந்து கிலோமீட்டர் போனால் ஷாஞி ரயில் நிலையம்.