மேனுவல் பூஸ்ட் கண்ட்ரோலர்: ஸ்க்ரூவைச் சுற்றுவதற்கு முன்

டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட். அது எவ்வளவு ஏறலாம் என்பதை ஒரு ஸ்க்ரூவால் மாற்றுவது மேனுவல் பூஸ்ட் கண்ட்ரோலர். புதிதாக அதை மாட்டியவர்கள் "ஏதோ சரியில்லை" என்று காரைக் கொண்டுவந்தால், பானெட்டைத் திறந்ததும் நான் பார்ப்பது ஸ்க்ரூவைத்தான். அது உள்ளே போகப் போக பூஸ்ட் ஏறும். பெரும்பாலும் பாதிக்கு மேல் உள்ளே போயிருக்கும். ஒரு காலத்தில் நானும் அதையேதான் செய்தேன். பூஸ்ட் அளவைக் காட்டும் கேஜ் இல்லாமல் ஓட்டாதீர்கள், ஹோஸைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தலைகீழாக மாட்டுவது

பந்தும் ஸ்பிரிங்கும் உள்ள வகையில், டர்போவிலிருந்து வரும் காற்று பந்தைத் தள்ளித் திறக்க வேண்டும். மாற்றி மாட்டினால் அதே காற்று பந்தை இன்னும் அழுத்தி மூடிவிடும். ஆக்சுவேட்டருக்கு (வேஸ்ட்கேட்டைத் திறக்கும் பகுதி) அழுத்தமே போகாது, வேஸ்ட்கேட் (இன்ஜின் புகையை டர்போவைச் சுற்றாமல் வெளியே விட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு) திறக்காது, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். கண்ட்ரோலரில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள்.

பூஸ்ட் குறைகிறதென்று ஸ்க்ரூவைச் சுற்றுவது

இதை இன்னொருவர் செய்வதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

என் காரில் 0.7 பார் வர வேண்டிய இடத்தில் முள் 0.4-ஐத் தாண்டவில்லை. ஒரு சுற்று சுற்றினேன், கொஞ்சம் ஏறியது. இன்னும் இரண்டு சுற்று. கிட்டத்தட்ட 0.6 வந்ததும் திருப்தியாகிவிட்டேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கறுப்புப் புகை வந்தது, அதைப் பொருட்படுத்தவில்லை. உண்மையில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து, காற்று அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சென்சார் அளந்த காற்றுக்கு ஏற்ப எரிபொருள் போனது, ஆனால் அந்தக் காற்று இன்ஜினுக்கு வந்து சேராததால்தான் அந்தப் புகை.

இரண்டு வாரம் கழித்துக் கிளாம்பைக் கண்டுபிடித்து இறுக்கினேன். ஸ்க்ரூவை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன். அடுத்த ஓட்டத்தில் நான்காவது கியரில் முள் 1.3-ஐத் தொட்டது. காலை எடுப்பதற்குள் கல்லை உலுக்குவது போல ஒரு சத்தம். நிறுத்தி ஆயில் மூடியைத் திறந்தேன். உள்ளிருந்து புகை குபுகுபுவென்று வந்தது. ஒரு பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது. இன்ஜினையே இறக்க வேண்டியதாயிற்று.

பூஸ்ட் குறைந்தால் முதலில் கண்ட்ரோலரைக் கழற்றுங்கள். டர்போவிலிருந்து ஆக்சுவேட்டருக்கு ஒரே ஹோஸை நேராகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஆக்சுவேட்டர் ஸ்பிரிங்கின் அளவு அப்படியே வந்தால் கோளாறு கண்ட்ரோலர் பக்கம். அதுவும் வரவில்லையென்றால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது வேஸ்ட்கேட் முழுசாக மூடவில்லை. டர்போவின் வாயை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசுங்கள். நுரை கிளம்பும் இடத்தைச் சரிசெய்த பிறகு ஸ்க்ரூவை (கழற்றிவிடாமல்) முழுக்க வெளிப்பக்கம் தளர்த்தி, முதலிலிருந்து செட் செய்யுங்கள்.

அந்தச் சின்ன ஓட்டையை அடைப்பது

கண்ட்ரோலரின் ஆக்சுவேட்டர் பக்கம் ஊசிமுனை அளவில் ஓட்டை இருந்தால் அது கசிவு அல்ல. காலை எடுத்ததும் ஹோஸில் தேங்கிய அழுத்தம் வெளியேறும் வழி. அடைத்தால் வேஸ்ட்கேட் மூடத் தாமதமாகும், அடுத்த பூஸ்டும் மந்தமாகத்தான் வரும்.

ஆக்சுவேட்டர் ஸ்பிரிங்கின் அளவுக்குக் கீழே பூஸ்டை இறக்க முயல்வது

முடியாது. ஆக்சுவேட்டர் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

நீளமான ஹோஸ்

டர்போவிலிருந்து ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸ் நீளமாக இருந்தால் முள் ஒரு கணம் எகிறி இறங்கும். குட்டையாக வெட்டுங்கள்.

இரண்டாவது கியரில் செட் செய்வது

அங்கே லோடு குறைவு. பூஸ்ட் முழுசாக ஏறுவதற்குள் கியர் முடிந்துவிடும். அந்த அளவை நம்பிப் போனால் நான்காவதில் அதைவிட மேலே போகும். போக்குவரத்து இல்லாத இடத்தில், உயர் கியரில், ஒவ்வொரு முறையும் கால் சுற்று மட்டும் திருப்பி முள்ளைப் பாருங்கள். கேஜைப் பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். உங்கள் கண் சாலையில் இருக்கட்டும்.