கடலோரப் பழைய மாளிகையில் தங்கப் போகிறீர்களா? முதலில் இதைக் கேளுங்கள்

இங்கிலாந்துக் கடற்கரைப் பக்கம் இருக்கும் பழைய கிராமத்து மாளிகைகள் சிலவற்றை உள்ளே சின்னச் சின்ன வீடுகளாகப் பிரித்து, இரண்டு பேர் தங்குகிற மாதிரி வாடகைக்கு விடுகிறார்கள். படத்தில் முகப்பைப் பார்த்து மயங்கி உடனே பணம் கட்டிவிடாதீர்கள். எந்த மாடி, ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் கேளுங்கள்.

மேல்மாடி என்றால் பெரும்பாலும் அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் படுத்த இடம், கூரை சாய்ந்து வரும், நிமிர்ந்தால் தலை இடிக்கும், போகும் வழியும் பின்பக்கத்துக் குறுகின படிக்கட்டாக இருக்கலாம். ஆள் உயரத்துக்கும் மேலே போகிற ஜன்னலெல்லாம் கீழ்த்தளங்களில்தான். இருந்தாலும் கடல் தெரிகிற சின்ன அறையையே நான் எடுப்பேன், காலையில் எழுந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க அது போதும்.

பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் ஜன்னலை மாற்றவும் லிஃப்ட் வைக்கவும் தனி அனுமதி வேண்டும். அதனால் பல இடங்களில் பழைய ஒற்றை அடுக்குக் கண்ணாடிதான், கடல் காற்று ஜன்னல் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே வரும். ஜூனில் போனாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், வெந்நீர், ஹீட்டர் செலவு வாடகையில் சேர்ந்ததா என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கடலில் இறங்கும் முன் ஓத அட்டவணை, அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல், பாருங்கள். ஓதம் ஏறும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், நேற்று நடந்த மணல் இன்று அதே நேரத்துக்குத் தண்ணீருக்குள் இருக்கலாம்.