ஆஸ்பத்திரி டெண்டருக்கு ஸ்பெக் எழுதுறது எப்படி? ஒரு ஆக்ஸிஜன் மெஷினை வச்சு ஆரம்பத்துலருந்து பாப்போம்

அரசு ஆஸ்பத்திரியில குடுக்குற மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாத்துருக்கீங்களா? தமிழ்நாடு அரசு சப்ளை, விற்பனைக்கு அல்லன்னு அச்சடிச்சிருக்கும். அது தானா வரல, மருந்து வாங்குற ஒப்பந்தத்துல அட்டையில என்ன அச்சு இருக்கணும்னு ஒருத்தர் உக்காந்து ஒரு வரி எழுதிருக்கார், அதனால வந்துச்சு. அந்த ஒரு வரி இருக்குறதாலதான் அரசு மாத்திரை வெளிக்கடைக்குப் போனா பாத்த உடனே தெரிஞ்சிருது. ஸ்பெக்குன்னா (ஸ்பெசிபிகேஷன்) இதுதான், வாங்குற பொருள் எப்படி இருக்கணும்னு எழுதி வைக்குறது.

நம்ம மாநிலத்துல பெரிய கொள்முதல் எல்லாம் 1994-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாத்தான் நடக்கு. ஆனா நோயாளர் நலச் சங்க நிதி, காப்பீட்டுத் திட்டத்துல வர்ற பணம், இதுலல்லாம் வாங்கும்போது நம்மூர் ஆஸ்பத்திரியிலேயே ஒரு பார்மசிஸ்டையோ சின்ன டாக்டரையோ கூப்பிட்டு "தம்பி, ஒரு ஸ்பெக் ரெடி பண்ணிக் குடுங்க"ன்னு சொல்லிருவாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதுதேன். நான் திருநெல்வேலி ஜில்லாவுல மெஷின் பராமரிப்பு வேலையில பல வருஷம் இருந்தவன். உதாரணத்துக்கு, காத்துலருந்து ஆக்ஸிஜனைப் பிரிச்சுக் குடுக்குற ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரை எடுத்துக்கிடுவோம், கொரோனாவுக்குப் பிறகு அது எல்லாருக்கும் தெரிஞ்ச மெஷின்தான்.

முதல்ல வார்டுக்குப் போங்க

கூகுளைத் திறக்காதீங்க, கம்பெனி பிரௌஷரையும் எடுக்காதீங்க. நேரா வார்டுக்குப் போயி அந்த மெஷினைத் தெனமும் தொடுற சிஸ்டர்கிட்ட கேளுங்க. எத்தனை பேஷண்டுக்கு ஓடுது, ராத்திரி யாரு பாக்கா, எங்கன வைக்கீங்க, எதுல கஷ்டம்னு. பணகுடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில நான் இப்படிக் கேட்டப்ப அந்த சிஸ்டர் ஒண்ணும் சொல்லாம மெஷினோட பின்பக்க மூடியைக் கழத்திக் காட்டுனாங்க. பில்டர் முழுக்கச் செக்கச்செவேல்னு தேரி மண்ணு. "ஆனி ஆடிக் காத்து அடிக்கும்போது ரெண்டு நாளைக்கு ஒருக்கா கழுவணும் சார், கழுவுனா காயுற வரைக்கும் மாத்திப் போட இன்னொண்ணு கெடையாது, அப்ப மெஷினை நிப்பாட்டித்தான் வைக்கணும்"னாங்க. பிரௌஷர்ல இது எந்தப் பக்கத்துலயும் கெடையாது. அன்னைக்கு எழுதுன ஸ்பெக்ல "காற்று பில்டர் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமக் கையாலயே கழத்துற மாதிரி, தண்ணியில கழுவுற மாதிரி இருக்கணும், ஒவ்வொரு மெஷினோடயும் 4 பில்டர் கூடுதலாத் தரணும்"னு போட்டோம். நாலு பில்டருக்குப் பெரிய காசு இல்ல, ஆனா எழுதலைன்னா வராது.

பிராண்டை எழுதாதீங்க, வேலையை எழுதுங்க

டாக்டர் "எனக்கு அந்தக் கம்பெனி மெஷின்தான் வேணும்"பார். அவர் சொல்லுதது தப்பில்ல, அதுல பழகிருப்பார். நீங்க கேக்க வேண்டியது, அந்த மெஷின்ல எது உங்களுக்குப் பிடிச்சிருக்கு சார்னு. சத்தம் கம்மியா இருக்குன்னா அதை டெசிபல்ல எழுதுங்க, 50 டெசிபலுக்குள்ள இருக்கணும்னு. தூக்கிட்டுப் போகச் சுளுவுன்னா எடையை எழுதுங்க, வீல் இருக்கணும், பிரேக் இருக்கணும்னு எழுதுங்க. மத்திய அரசோட 2017 பொது நிதி விதிகள்ல 144-வது விதி இதைத்தான் சொல்லுது: வாங்குற பொருளோட விவரம் பொதுவானதா, அளந்து பாக்கக்கூடியதா, வேலையைச் சொல்லுறதா இருக்கணும், ஒரு பிராண்டைக் குறி வைக்கக்கூடாதுன்னு. நம்ம மாநிலத்துலயும் 1998-ல வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கு, ஒருத்தருக்கு மட்டும் வழி விடுற மாதிரி எழுதுனா ஆட்சேபணை வரும், டெண்டர் அங்கேயே நின்னுரும், கஷ்டப்படுறது பேஷண்டுதான்.

எழுதி முடிச்ச உடனே ஒரு சோதனை பண்ணுங்க. குறைஞ்சது மூணு கம்பெனி மாடலாவது உங்க ஸ்பெக்ல பாஸ் ஆகுதான்னு ஒரு பேப்பர்ல கட்டம் போட்டுப் பாருங்க. ஒரே ஒரு மாடல்தான் பாஸ் ஆகுதுன்னா எந்த வரி மத்ததை வெளிய தள்ளுதுன்னு தேடுங்க. பெரும்பாலும் நீளம் அகலம், டிஸ்பிளே இத்தனை இஞ்ச் அப்படிங்குற மாதிரி பேஷண்டுக்கு சம்பந்தமே இல்லாத வரியாத்தான் இருக்கும், பிரௌஷர்லருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். அதை எடுத்துருங்க.

நம்பரை எழுதுங்க, எந்த நிலைமையில அந்த நம்பர்னு சேத்து எழுதுங்க

இதை மட்டும் நிதானமா வாசிங்க, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

2021-ல அவசரத்துல ஒரு ஸ்பெக் எழுதுனேன். "ஓட்டம்: நிமிஷத்துக்கு 10 லிட்டர் வரை. ஆக்ஸிஜன் தூய்மை: 93 சதவீதம்." பாக்க சரியாத்தான இருக்கு? மெஷின் வந்து இறங்குச்சு, பெட்டியைப் பிரிச்சு, ஓட விட்டு, குழாய் வாயில ஆக்ஸிஜன் அளவு காட்டுற அனலைசரை வச்சேன். 5 லிட்டர்ல 93 காட்டுச்சு. மெல்ல திருகிக் கூட்டுனேன். 7-ல எறங்க ஆரம்பிச்சுது, 10-க்குப் போனதும் 60-க்கும் கீழ வந்துட்டு. கம்பெனி ஆள்கிட்ட சண்டை போட்டேன், அவர் பேப்பரை எடுத்துக் காட்டுனார். 10 லிட்டர் ஓடுதா, ஓடுது. 93 வருதா, வருது. ரெண்டும் ஒரே நேரத்துல வரணும்னு எங்க சார் எழுதிருக்குன்னு கேட்டார். எழுதல. திருப்பி அனுப்ப முடியல. அந்த வார்டுல 10 லிட்டர் தேவைப்பட்ட பேஷண்டுக்கு சிலிண்டரைத்தான் உருட்டிக்கிட்டு வந்தோம்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, நாம சுவாசிக்குற காத்துல 21 சதவீதம்தான் ஆக்ஸிஜன், மெஷினுக்குள்ள இருக்க ஜியோலைட் மணி நைட்ரஜனைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மிச்சத்தை வெளிய விடுது. அந்த மணியோட அளவும் கம்ப்ரசர் பலமும் எவ்வளவோ அவ்வளவுதான் அதால சலிக்க முடியும், அதுக்கு மேல இழுத்தா சலிக்காத காத்தும் சேந்து வந்துரும். ஈரம் ஏறுனாலும் அந்த மணி கெட்டுப்போகும். அதனால இப்ப நான் அந்த வரியை இப்படி எழுதுதேன்:

"நிமிஷத்துக்கு 10 லிட்டர் ஓட்டத்தில், 40 டிகிரி செல்சியஸ் அறை வெப்பத்திலும், ஆக்ஸிஜன் தூய்மை 90 முதல் 96 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தூய்மை 82 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஒலியும் ஒளியும் சேர்ந்த அலாரம் வர வேண்டும். சப்ளை செய்யும் இடத்தில் 1 மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, அனலைசரால் அளந்து காட்ட வேண்டும்."

மூணே வாக்கியம்தான், எவ்வளவு வேணும், எந்த நிலைமையில வேணும், யாரு எப்படி அளக்கணும்னு எல்லாமே இருக்கு. எந்த மெஷினுக்கும் ஒவ்வொரு வரியையும் இந்த மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. "உயர்தரமான", "நவீன", "உறுதியான" மாதிரி வார்த்தையை எல்லாம் அடிச்சுருங்க, அதை வச்சு ஒரு மெஷினையும் திருப்பி அனுப்ப முடியாது. மெஷின் விவரம் மட்டும் இருக்க டெக்னிக்கல் கவர்ல பாஸ் ஆன எல்லாரும் சமம்தான், அப்புறம் விலை கம்மியா போட்ட எல்1-க்குத்தான் ஆர்டர் போகும். தரத்தைப் பத்தி நீங்க பேச வேண்டியதை எல்லாம் ஸ்பெக்ல மட்டும்தான் பேச முடியும், கவர் திறந்த பிறகு பேச முடியாது.

நம்மூர் நிலைமையைச் சேருங்க

மே மாசத்து வெயில், உவரி கூடங்குளம் பக்கம் உப்புக் காத்து, கிராமத்து ஆஸ்பத்திரியில சாயங்காலம் ஆனா எறங்குற வோல்டேஜ். வெளிநாட்டு மெஷின்ல 110 வோல்ட்டும் உண்டு, அதனால 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், சிங்கிள் பேஸ்னு எழுதுங்க, நம்ம சுவத்துல இருக்க பிளக்குக்குப் பொருந்தணும்னு எழுதுங்க. எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கிட்டுப் போயி ரெண்டு மூணு நாள் வோல்டேஜை அளந்து, அதுல வந்த குறைஞ்ச அளவுல தாங்குற ஸ்டெபிலைசரையும் சேத்தே கேளுங்க. தண்ணி உபயோகிக்குற மெஷின்னா, ஆட்டோகிளேவ் (நீராவியில கிருமி நீக்குற மெஷின்) மாதிரி, தாமிரபரணித் தண்ணியா போர் தண்ணியான்னு பாத்துக்கிடுங்க. ராதாபுரம் திசையன்விளைப் பக்கத்துப் போர் தண்ணியில உப்பு கட்டி ஹீட்டர் போயிரும், உப்பு கட்டாமத் தடுக்குற சாப்ட்னர் சேத்து வாங்கணும்.

சர்ட்டிபிகேட்

அளவாப் போடுங்க. கான்சன்ட்ரேட்டருக்குன்னே ஐஎஸ்ஓ 80601-2-69 இருக்கு, மருத்துவ மின்கருவிகளோட பொதுப் பாதுகாப்புக்கு ஐஇசி 60601-1. 2017 மருத்துவக் கருவி விதிகள்படி லைசென்ஸ் காப்பியும் கேளுங்க. இதுக்கு மேல பத்து சர்ட்டிபிகேட் பேரை அடுக்குனா நல்ல சின்னக் கம்பெனிங்க ஓடிருவாங்க. சர்ட்டிபிகேட் நீங்க வாங்குற அதே மாடலுக்குத்தானான்னு பாக்கணும், நம்பரை ஒண்ணொண்ணா ஒப்பிட்டுப் பாருங்க.

வாரண்டியும் அதுக்குப் பிறகும்

வாரண்டி டெலிவரி தேதியிலருந்து இல்ல, இன்ஸ்டால் பண்ணி ஓட்டிக் காட்டுன தேதியிலருந்து ஆரம்பிக்கணும்னு எழுதுங்க. ஸ்டோர்ல பெட்டியோட ஆறு மாசம் கெடந்த மெஷினுக்கு வாரண்டி பாதி போயிருந்ததை நான் பாத்துருக்கேன். 95 சதவீத நேரம் ஓடணும்னு போட்டா, வருஷத்துக்கு 18 நாள் நிக்கலாம்னு நீங்களே அனுமதி குடுக்கீங்க, ஒரே மெஷின் இருக்க வார்டுக்கு அது போதுமான்னு யோசிங்க. போதாதுன்னா 48 மணி நேரத்துல சரி ஆகலைன்னா மாத்து மெஷின் தரணும்னு சேருங்க, தரலைன்னா ஒரு நாளைக்கு இவ்வளவு பிடித்தம்னும் சேருங்க. வாரண்டி முடிஞ்ச பிறகு 5 வருஷத்துக்கு சிஎம்சி (முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) ரேட்டையும், ஜியோலைட், கம்ப்ரசர், பில்டர் ரேட்டையும் டெண்டர்லேயே வாங்கிருங்க. மெஷினைக் கம்மி விலைக்குக் குடுத்துட்டு ஸ்பேர்ல அள்ளுறது இந்தத் தொழில்ல நெறைய நடக்கு, அதனால எல்1 பாக்கும்போது மெஷின் விலையும் சிஎம்சியும் கூட்டித்தான் பாப்போம்னு முன்னாடியே எழுதணும்.

பிரீ-பிட் மீட்டிங்

விலை போடுறதுக்கு முன்னாடி கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டு நடத்துற கூட்டம் இது. அங்க அவங்க கேக்குற கேள்வியை எரிச்சல் இல்லாமக் கேளுங்க, நம்ம தப்பு அங்கதான் தெரியும். ஒருத்தருக்கு வாயால சொன்ன பதிலை எல்லாருக்கும் எழுத்துல திருத்தமாப் போடணும்.

கடைசியா, பில்லு

இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்ல ஸ்டோர் கையெழுத்து மட்டும் போதாது, வார்டு சிஸ்டர் கையெழுத்தும் வேணும், மூணு ஷிப்டு ஆளுக்கும் டிரெய்னிங் குடுத்த பிறகுதான் அவங்க கையெழுத்துப் போடுவாங்க, அது இல்லாம பில்லு பாஸ் ஆகாதுன்னு ஒரு வரி போடுங்க. நாங்க இந்த வரி போட்ட முதல் டெண்டர்ல, கம்பெனி இன்ஜினியர் ராத்திரி எட்டரை மணிக்குத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தார், நைட் டூட்டி சிஸ்டர் ரெண்டு பேருக்கும் பில்டரைக் கழத்தி மாட்டச் சொல்லிக் குடுத்து, அவங்க கையாலயே செய்ய வச்சுப் பாத்துட்டு, கடைசி பஸ்ஸுக்குத்தான் கிளம்புனார்.